ஐந்து கட்டு காலர்

1

இந்தக் கதையின் வித்து என்னுடையது இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்த இரண்டு பெண்களிடமிருந்து பாதி காதில் விழுந்தது. "அஞ்சு கட்டையும் மேஜைக்கடியில வச்சுக்கிட்டு அவ என்ன பாடுபட்டாங்கிறே" என்றாள் ஒருத்தி. அடுத்த வாக்கியத்துக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டபோது அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். அந்த வீட்டில் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னோர் அறைகூட..." 

வேண்டாம். குடும்பக் கதை எழுதிப் பழகிய கை, விட்டால் நேராக வீட்டுக்குள் போய்விடுகிறது. இது சட்டைத் தொழிற்சாலையில், மூன்றரைக்கு வேலை முடியும் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நடக்கிற கதை.

2

காலர் லைனில் ஒன்பது தையல் மெஷின்கள். பத்து காலர் சேர்ந்தால் ஒரு கட்டு. தைத்தவர் தன் எண் போட்ட சீட்டைக் கட்டில் கட்டிவிட வேண்டும். சீட்டில் யார் எண்ணோ, அவர் கணக்கில் அந்தக் கட்டு ஏறும். ஆனால் கை வேகமானவர், கை தளர்ந்தவரின் சீட்டை வாங்கித் தன் கட்டில் கட்டிக் கொடுப்பது அந்த லைனில் வெகுநாளைய பழக்கம். காய்ச்சலில் கிடந்து வந்தவள், வீட்டுக் கவலையில் ஊசியைக் கோட்டை விட்டவள், எல்லாரும் அப்படித்தான் பிழைத்தார்கள்.

இந்த வாரம் நிர்வாகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. ஐந்து நாள் கணக்கில் முதலில் வருபவர் சூப்பர்வைசர் பயிற்சிக்குப் போவார். கடைசியில் வருபவர் வீட்டுக்குப் போவார்.

ஒன்பது பேரும் கூடிப் பேசினார்கள். முதலும் வேண்டாம், கடைசியும் வேண்டாம். எல்லாரும் ஒரே கணக்குக் கொடுப்போம். நான்கு நாளும் ஆளுக்குப் பதினான்கு கட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். இவ்வளவு நியாயமான மனிதர்களால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஒருத்தி பதின்மூன்று, ஒருத்தி பதினைந்து என்று கொஞ்சம் கலைத்துப் போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. சமமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அச்சு வார்த்ததுபோல் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.)

ஐந்தாம் நாள் காலை சூப்பர்வைசர் வந்தார். "ஒம்பது பேரும் ஒரே வயித்துல பொறந்தீங்களா? இன்னிக்கும் இதே கணக்கு வந்துச்சுன்னா லைனையே கலைச்சிடுவேன். ஆளுக்கொரு கட்டடம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க முடியாது."

3

இப்போது அவள். லைனிலேயே வேகமான கை. காலர்க்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பதினான்கு கட்டில் தன் சீட்டைக் கட்டிவிட்டாள். காலடியில் இன்னும் ஐந்து கட்டு, சீட்டில்லாமல்.

பக்கத்து மெஷினில் பட்டன். ஆள் சின்னவள் என்பதால் அந்தப் பெயர். ஆறு மாதக் கர்ப்பம். இன்று ஒன்பது கட்டுதான் ஏறியிருக்கிறது. மற்ற ஏழு பேரும் பதினான்கில் நிறுத்திவிட்டு மெஷினைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஐந்து கட்டிலும் காலர்க்காரி தன் சீட்டைக் கட்டினால் அவள் முதலாவது, பட்டன் வீட்டுக்கு. பட்டனின் சீட்டைக் கட்டினால் எல்லாரும் சமம், லைன் சிதறும். (வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தேன். எப்படிப் பிரித்தாலும் யாரோ ஒருத்தி கடைசியாகிறாள்.)

வெட்டிய துணியை வண்டியில் தள்ளிக்கொண்டு அவள் கணவன் வருகிறான். கட்டிங் மாஸ்டர். தொழிலாளர் கமிட்டிச் செயலாளரும் அவன்தான். முதல் பிரதியில் இவனை ஒன்றரைப் பக்கம் பேச வைத்திருந்தேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது, அடித்துவிட்டேன். மனைவியிடம் யார் மேடைப் பேச்சு பேசுவார்கள்?

"பட்டன் சீட்டக் கட்டு. நேரமாகுது."

"கட்டினா நாளைக்கு ஆளுக்கொரு மூலைக்குத் தூக்கி அடிப்பாங்க. அப்புறம் யாருக்கு யாரு சீட்டு மாத்திக் கட்டுவா?"

"அடிக்கட்டும். ஒருத்தியக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு நாம உக்காந்திருக்கிறதுக்கு அது தேவலாம்."

"நான் மேல போனா மத்தவங்களுக்குப் பேச ஒரு வாய் கிடைக்கும். இங்கயே இருந்தா ஒம்பது பேருக்கும் கடைசிவரைக்கும் காலர்தான்."

"நம்ம சூப்பர்வைசரும் இதே லைன்ல காலர் தச்சவருதான். போறப்ப இதையேதான் சொன்னாரு."

"நான் அவரு இல்ல."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

அவள் கை நின்றது. "பத்து வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தி, என்னைத் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?"

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. வண்டியின் கைப்பிடியை விடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

4

முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: தன் சீட்டைக் கட்டுகிறாள். ஒரு வருடம் கழித்து அதே லைனில் கையில் பட்டியலோடு நடக்கிறாள். தண்ணீர் குடிக்க எழுந்தவளை "என்ன, அதுக்குள்ள தாகமா?" என்று கேட்கிறாள். கேட்டபின் திடுக்கிடுகிறாள். (கணவன் ஜெயிக்க வேண்டும் என்று நான் எழுதிய முடிவு இது. அவளுக்குச் செய்த அநியாயம். மேலே போயும் அவள் நல்லவளாகவே இருந்திருக்கலாமே?)

இரண்டு: பட்டனின் சீட்டைக் கட்டுகிறாள். ஒன்பது பேரும் சிதறுகிறார்கள். புது லைனில் பட்டனைத் தெரிந்தவர் யாருமில்லை. ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "நாம தலை குனியலையே" என்கிறான் கணவன். "பட்டன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்கிறாள் மனைவி. (இது அவள் ஜெயிக்க எழுதியது.)

மூன்று: சூப்பர்வைசரின் மனம் இளகி, மழை பிடித்துக்கொள்ள, கணவனும் மனைவியும் ஒரே குடைக்குள்...

மன்னியுங்கள். இப்படி நிறைய எழுதியிருக்கிறேன். இவர்களிடம் செல்லாது.

5

நான்காவது முடிவைத் தேடி ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்த்தேன். இத்தனை பக்கத்தில் பட்டன் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவன் அவளுக்காகப் பேசினான், மனைவி அவளை வைத்துப் பேசினாள், நான் அவளைக் கர்ப்பமாக்கி ஓரமாக உட்காரவைத்திருக்கிறேன்.

சரி, பேசட்டும் என்று விட்டேன்.

"அக்கா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

இருவரும் திரும்பினார்கள்.

"நான் மெதுவாத் தைக்கிறவன்னு யாரு சொன்னா? மெஷின் நாலு விரல் உசரம். வயிறு இடிக்குது, மிதிக்குக் கால் எட்டல. நுனியில தொங்கிக்கிட்டுத் தைக்கிறேன். மூணு மாசமாச் சொல்றேன், மேஜையை இறக்கித் தரச் சொல்லுங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க, அக்கா?"

காலர்க்காரி குனிந்து பட்டனின் காலடியைப் பார்த்தாள்.

"'விடுடி, நாங்க பாத்துக்கிறோம்'னீங்க. கமிட்டியில எழுதிக் குடுங்கன்னு மாமாகிட்டக் கேட்டேன். 'பெரிய பிரச்சினை முடியட்டும்'னாரு. என் சீட்ட நீங்க கட்டிக் கட்டி, நான் உக்கார்ற இடம் சரியில்லைங்கிறதே யாருக்கும் தெரியாமப் போச்சு."

"உன் நல்லதுக்குத்தானேம்மா..." என்றான் கட்டிங் மாஸ்டர்.

"தெரியும் மாமா. நல்லதுதான் பண்ணீங்க. ஆனா கேக்கல."

(இந்தப் பேச்சு வந்ததும் என் கதை உடைந்துவிட்டது. மேஜைக்கு நான்கு திருகாணி. கால் மணி நேர வேலை. ஒன்பது பேர் தலையெழுத்தும் அதில் தொங்கும் என்று நான் நினைக்கவில்லை. மேஜையை இறக்கினால் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடுமா? ஒழியாது. நாளையும் ஒருத்தி கடைசியாக வருவாள்.)

6

மணி அடித்துவிட்டது. சூப்பர்வைசர் லைனின் தொடக்கத்தில் நின்று முதல் மெஷினின் கட்டுகளை எண்ணுகிறார். நடுவில் ஆறு மெஷின்கள். அப்புறம் இவர்கள்.

காலர்க்காரி குனிந்து ஐந்து கட்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தாள். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை. ஒரு கையில் அவள் சீட்டு, மறு கையில் பட்டனின் சீட்டு. கணவன் வாயைத் திறந்தான். திறந்தவன் மூடிக்கொண்டு பட்டனைப் பார்த்தான். பேச வாயெடுத்தவன் தானாக நிறுத்திக்கொண்டதைப் பத்து வருடத்தில் மனைவி பார்த்தது அன்றுதான்.

"சொல்லுடி" என்றாள் காலர்க்காரி. "சீட்டு உன்னுது, வேலை உன்னுது. நான் என்ன செய்யட்டும்?"

பட்டன் ஐந்து கட்டையும் பார்த்தாள். வந்துகொண்டிருக்கும் மனிதரைப் பார்த்தாள். இன்னும் மூன்று மெஷின்கள்.

அவள் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் என் குரல் கேட்டது. அடித்துவிட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில், உங்கள் தெருவில் கடைசி மெஷினில் உட்கார்ந்திருப்பது யாரென்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனைதான். எழுத உட்காருமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சீக்கிரம். இன்னும் இரண்டு மெஷின்கள்தான் இருக்கின்றன.