புகை தெரிகிற வீடு

போன வருஷம் ஜனவரியில் கரண்ட் போய் இரண்டு நாள் வரவில்லை. என் கணவன் ஆர்விட்டை அவனுடைய தம்பி ஹால்வோர் கலைமான் தோலில் சுருட்டி, பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் போட்டு, ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்; நானும் கூடப் போனேன். மீன் மூட்டையைக்கூட அதைவிட மரியாதையாக இழுப்பார்கள். இனி செத்தாலும் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து ஆர்விட்டுக்கு வலது பக்கம் விளங்காது. நாலைந்து சொல்தான் வாயில் வரும். அப்படிப்பட்டவனை மேசையில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு, "என்னண்ணே, மீனு வாய்க்குள்ள போவுதா, சட்டைக்குள்ள போவுதா?" என்று கேட்டுச் சிரித்தான் ஹால்வோர். சீட்டாட்டத்தில் அண்ணன் கையை எட்டிப் பார்த்து ஏமாற்றினான். ஆர்விட்டும் கூடவே சிரித்தான். வேறென்ன செய்வான், பாவம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் வெப்ப பம்பு இருக்கிறது, சுவரெல்லாம் மின் கணப்பு இருக்கிறது. எல்லாம் கரண்டுக்கு அடிமை. பழைய விறகடுப்பை இடத்தை அடைக்கிறதென்று நாங்களே பெயர்த்துப் போட்டிருந்தோம். மிஞ்சியது புகைபோக்கி ஒன்றுதான். டிசம்பரில், அடுத்த குளிர் முற்றுவதற்குள், கொட்டகையிலிருந்து ஒரு பிர்ச் மர விறகை எடுத்துக்கொண்டு அல்டா டவுனில் இருக்கும் அடுப்புக் கடைக்கு வண்டியை விட்டேன்.

கடைக்காரப் பையன் பளபளவென்று ஒன்றைக் காட்டினான். "இதுல மரத்தூளை அழுத்தின குச்சியக் கொட்டிட்டாப் போதும். தானா எரியும். நீங்க குனியவே வேணாம்."

"கரண்ட் போனா?"

"உள்ள ஒரு விசிறி, ஒரு மோட்டார் இருக்கு. வேணும்னா பேட்டரி..."

"கரண்ட் போனா எரியறதுக்குத்தாம்பா அடுப்பு வாங்க வந்தேன். என்கிட்ட கரண்ட்ல எரியற அடுப்பக் காட்டுற. உன்ன வேலைக்கு வச்சவன் யாரு?"

அடுத்தது மாக்கல் அடுப்பு. விடிய விடிய சூடு நிற்குமாம். சூடேற எவ்வளவு நேரம் என்றேன். மூன்று மணி நேரம் என்றான். "அதுக்குள்ள என் புருஷன் விறைச்சிருவான். அப்புறம் சூடு நின்னா என்ன, நிக்காட்டி என்ன?" மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் ஜன்னலைத் திறப்பவள் அடுப்பு வாங்க வேண்டியதில்லை, சவப்பெட்டி வாங்கலாம்.

கண்ணாடிக் கதவு போட்ட விறகடுப்பு ஒன்று நன்றாகத்தான் இருந்தது. கையிலிருந்த விறகை உள்ளே விட்டேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"விறக முப்பது சென்டிமீட்டரா வெட்டிக்குங்களேன்."

"கொட்டாய் நிறைய அம்பதுல கிடக்கு. நீ வந்து வெட்டுறியா?"

எங்கள் ரம்பம் ஹால்வோரிடம் இருந்தது. அதைக் கேட்டுப் போய் நிற்க நான் ஆளில்லை. மூலையில் கறுப்பாக, நீளமாக, வார்ப்பிரும்பில் ஒன்று கிடந்தது. அது விறகை முழுசாக விழுங்கியது.

"அது அழகா இருக்காதுங்களே," என்றான்.

"நானுந்தான் அழகா இல்ல. வண்டியில ஏத்து."

அடுப்பைப் பொருத்தி, தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துச் சரி சொன்ன அன்று, ஹால்வோர் வாசலில் வந்து நின்றான்.

"என் வீட்டு அடுப்புல முள்ளா இருந்துச்சு?"

"அடுப்புல இல்ல. உன் வாயில இருந்துச்சு."

என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணே! என்னத் தள்ளி வைக்க உன் பொண்டாட்டி நூத்தம்பது கிலோ இரும்பு வாங்கியிருக்கா, பாத்தியா?"

"ஹால்வோர்," என்றான் ஆர்விட். மேலே என்னமோ சொல்ல வாயைக் கோணிக்கொண்டிருந்தான். தம்பியைத் திட்டத்தான் சொல் தேடுகிறான் என்று நினைத்தேன்.

"குளிர் உள்ள வருது. கிளம்பு," என்று கதவைச் சாத்தினேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, வெளியே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரில் கரண்ட் போனது. அடுப்பை மூட்டினேன். அரை மணியில் அறை கதகதவென்று ஆகிவிட்டது. அந்தக் கர்வத்தை நான் மறைக்க மாட்டேன். யார் தயவும் இல்லாமல் என் புருஷனை நான் காப்பாற்றினேன்.

திரும்பிப் பார்த்தால், ஆர்விட் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒற்றைக் கையால் இரண்டு பொத்தானைக்கூடப் போட்டிருந்தான். மடியில் சீட்டுக்கட்டு.

"இன்னுமா குளிருது?"

இல்லையென்று தலையாட்டி ஆற்றைக் காட்டினான்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹால்வோர் உறைந்த ஆற்றின் மேல் வந்துகொண்டிருந்தான். பின்னால் சறுக்குவண்டி, அதில் தோல்கள். எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. புகைபோக்கியைப் பார்ப்பார்கள். புகை இல்லையென்றால் நேரே உள்ளே போய் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புகை தெரிந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். புகைகிற வீட்டுக்குள் உதவிக்கென்று நுழைவது அந்த வீட்டைக் கேவலப்படுத்துவது.

ஹால்வோர் நடு ஆற்றில் நின்று, கண்ணில் மாட்டியிருந்த பனிக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கூரையை ரொம்ப நேரம் பார்த்தான். ஆர்விட் இடது கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினான். பாதி உறைபனி படிந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஆடுகிற கை யாருக்குத் தெரியும்? ஸ்கூட்டர் ஆற்றின் மேல்பக்கமாகத் திரும்பியது.

"அணை," என்றான் ஆர்விட்.

பக்கவாதத்துக்கு அப்புறம் அந்தச் சொல் அவன் வாயில் வந்ததே இல்லை.

"எத?"

அடுப்பைக் காட்டினான். "அணை, ஓட்னி," என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூடு எத்தனை நேரம், விறகு எத்தனை நீளம் என்று கடையில் துருவித் துருவிக் கேட்டவள், இவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் அவன் சிரித்தது நிஜமான சிரிப்புத்தான். அவனிடம் இன்னும் பழையபடி வம்பு பண்ணுகிற ஒரே ஆள் தம்பிதான். நான் துடைக்கிறேன், ஊட்டுகிறேன், இரக்கப்படுகிறேன்.

ஸ்கூட்டர் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்து கத்தியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மிஞ்சிக் கோபம் வந்தது.

"மைனஸ் முப்பத்தெட்டு டிகிரியில எவ அடுப்ப அணைப்பா?" என்று கத்திவிட்டு, இன்னொரு விறகைத் திணித்தேன்.

சத்தம் தேய்ந்து நின்றது. தொப்பிக்குக் கீழே ஆர்விட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.