சேத்தானின் முட்டை

கம்பெனி பஸ் ஒரகடம் பாலத்தில் ஏறும்போது செல்வலட்சுமியின் போனுக்குள் இருந்த கூட்டில் ஒரு முட்டை வந்திருந்தது. "வந்துட்டுண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த பாதி பஸ் விழித்துக்கொண்டது. ஓட்டுநர் யாக்கோபு மட்டும் திரும்பாமலே சிரித்தார்.

விஷயம் இதுதான். அது பெரிய கம்பெனி செய்த விளையாட்டல்ல. பூதக்குட்டிகளைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டுகளில் பித்துப்பிடித்த நாலைந்து பேர், வேலை நேரம் போகத் தாங்களே உட்கார்ந்து செய்து, காசு வாங்காமல் போட்டிருந்தார்கள். அவளோடு கம்பெனி விடுதியில் இருந்த பெண்கள் எல்லாரும் போனில் இறக்கினார்கள், கொஞ்ச நாள் ஆடினார்கள், அலுத்துப்போய் அழித்துவிட்டார்கள். செல்வலட்சுமி விடுவாளா? சங்கரன்கோவில்காரி. தொட்டதை முடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மலைப்பூதம், கிணற்றுப்பூதம், மழைநாளில் மட்டும் தலைகாட்டும் தவளைப்பூதம் என்று ஒன்று விடாமல் பிடித்தாயிற்று. பிடித்த பூதங்களின் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பாகவே நின்றது. சேத்தான் என்ற சேற்றுப்பூதக்குட்டி வளர்ந்து எடுக்கும் உருவம் அது. அந்தக் கறுப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேத்தானைப் போய்ப் பிடிக்க முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவரிடம்தான் இருக்கும். ஊரே நெருப்புக்குட்டியை எடுத்தது. செம்பரம்பாக்கத்துக்காரர் யாக்கோபு மட்டும், "நம்ம ஏரில பொரள்ற எருமக்கன்னாட்டம் கீதே" என்று சேற்றுக்குட்டியை எடுத்தார். ஷிப்ட் விடும்வரை பஸ்ஸில் உட்கார்ந்து அதற்குத் தீனி போடுவதுதான் அவர் ஆட்டம். வளரட்டுமா என்று அது கேட்டபோது வேண்டாம் என்று அமுக்கிவிட்டார். "சின்னதா கீற வரிக்கும்தாம்மா நம்ம பேச்ச கேக்கும்." ஒருமுறை மறுத்தால் ஆட்டம் மறுபடி கேட்காது. செல்வலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அசரவில்லை. அந்தச் சேத்தானை இரவல் வாங்கித் தன் கூட்டில் முட்டையிட விட்டாள். ஒருவருக்கு ஒரே முட்டைதான். அதுதான் இப்போது வந்திருந்தது.

போனோடு நடந்தால்தான் முட்டை பொரியும். பொழுது சாய்வதற்குள் பொரியாவிட்டால் கூழாகிவிடும். கம்பெனி வாசலிலோ போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். யோசித்தவளுக்குச் சட்டென்று வழி கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிட பஸ் இப்போது இருங்காட்டுக்கோட்டை போகும். அந்தச் சாலைக் குழிகளின் குலுக்கலைப் போன் நடை என்றே நம்பிவிடும்.

"சட்டைப்பையில போட்டுட்டு ஓட்டுங்கண்ணே, போதும்."

"ஒரு குழி வுட மாட்டேன், போ."

தெம்பாகத்தான் உள்ளே போனாள். லைனில் பம்பர் மூடியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பகீரென்றது. பொரிந்த குட்டிக்கும் நடை கூடும். அதற்கும் அதே கேள்வி வரும். போன் இருப்பதோ வேண்டாம் என்று அமுக்கிப் பழகிய கையில்! அடி கூறுகெட்டவளே, இதைச் சொல்லிவிட்டு வரத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அத்தனை பூதம் பிடித்தும் அந்த ஒன்று போனால் போனதுதான்.

ஷிப்ட் விட்டதும் ஓடினாள். யாக்கோபு போனை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்து, கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் கிடந்தது.

"பதறாத. வண்டிய போட்டப்புறம் எட்த்துப் பாத்தா, வளரட்டுமானு கேக்குது. போன் வெளக்கு அணைஞ்சா வேணாம்னு எட்த்துக்குமாம். அதான் அணைய வுடாம தேச்சிகினு கீறேன்."

"சாப்பிடாமலாண்ணே? நீங்களே அமுக்கியிருக்கலாம்லா?"

"உன் குட்டி, நான் யாரு? அதுவும் இல்லாம, என் கை பழக்கதோசத்துல வேணாம்லதான் போவும்."

பின்னால் வரிசையில் நின்ற பஸ்கள் ஹாரனில் கையை வைத்தன. யாக்கோபு சாவியைத் தொடவில்லை.

"அடிச்சிகினு கெடக்கட்டும். நீ அமுக்கு. வளந்தா எப்டிதான் கீதுன்னு நானும் பாத்துர்றேன்."

அமுக்கினாள். திரை முழுவதும் வெள்ளையானது. யாக்கோபு கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, அவசரமாக மாட்டிக்கொண்டு குனிந்தார். வெளிச்சத்துக்குள் கன்று கால் உதறி எழுந்தது. அதன் காதோரம் இரண்டு கொம்புகள் மெதுவாகக் கிளம்பின.