வலி எல்லாம் இல்லம்மா

சோபாவைச் சுவரோடு தள்ளி, உடலைக் கிடத்த இடம் பண்ணிக்கொண்டிருந்தபோது செத்தவருடைய செல்போன் அடித்தது. யாரும் அசையவில்லை. மனைவிதான் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுலேர்ந்து பேசறேன் மேடம். சார் இருக்காரா? இந்த மாசம் நெஞ்சு வலி ஏதாவது வந்துச்சான்னு கேக்கணும்."

"இல்லம்மா. காலைல போயிட்டார்."

"எப்ப வருவார்?"

அதுவரை கல்லாக இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. "வரமாட்டார்" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. மாதாமாதம் கேட்பது அவள் வேலை. வாய் கூசாமல் பொய் சொன்னது இந்த வீட்டு மனுஷர்தான். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தபோது, டாக்டர் கொழுந்தன் அவரைத் தன் ஆராய்ச்சியிலேயே சேர்த்தான். மருந்து தடவிய பலூனைக் குழாய்க்குள் விட்டு, ஊதி, அடைப்பை விரித்துவிட்டு எடுத்துவிடுவார்கள். மருந்து உள்ளே ஒட்டிக்கொண்டு, குழாயை மறுபடி சுருங்க விடாதாம். அதற்கப்புறம் சலூனுக்குப் போனாலும், டீக்கடைக்குப் போனாலும் அவருக்கு ஒரே பேச்சு, "என் தம்பி கண்டுபிடிச்சது."

இரண்டு மாதம் முன்னால் வலி திரும்பி வந்தது. மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர், நாளெல்லாம் மாடி மாடியாக ஏறவேண்டும். பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று கூட வேலை செய்பவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கென்று பார்த்து ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போன். சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்ட, "வலி எல்லாம் இல்லம்மா, குதிரை மாதிரி இருக்கேன்" என்றார். போனைப் பிடுங்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டார்.

"அவன் மாநாட்டுல பேசப் போறான்டி. கூடப் பொறந்த நானே கெடுக்கணுமா? பேசிட்டு வரட்டும், சொல்லிக்கலாம்."

அவன் பேசியது நேற்று. இன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தாரோ என்னவோ.

கொழுந்தன் மாநாட்டிலிருந்து நேரே வந்தான், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை, அவளுக்குத் தெரியும். பிறகு அவளைத் தேடிச் சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, வலி இருந்துச்சா?"

மறைத்துவிடலாம். போனவரின் ஆசையும் அதுதான். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது.

"இருந்துச்சு. ரெண்டு மாசமா. உன் ஆராய்ச்சி கெட்டுடும்னு மூச்சு விடல."

அவன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

"அந்த பலூன் வச்ச மத்தவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?"

"யாருக்கும் வலி இல்லன்னுதான் சொல்றாங்க அண்ணி."

"இவரும் அதத்தான் சொன்னார். எல்லாரையும் கூப்பிட்டு ரத்தக்குழாய மறுபடி படம் எடுத்துப் பாரு தம்பி."

"பாக்கலாம்." கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாவி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"இனிமேதான் சொல்லணும்."

"அண்ணி..."

வண்டி வந்துவிட்டதாக வெளியே சத்தம் கொடுத்தார்கள். கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் கூடத்துக்குப் போய், அண்ணனின் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு கதறினான். இரண்டு பேர் பிடித்துத் தூக்கியும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் மேல என்ன பாசம் பாருங்க."

"இவருக்கும் தம்பி மேல அப்படித்தான்" என்றாள் அவள். அவன் அழுவதற்கு இடம் விட்டு, சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டாள்.