ஹாலுக்கு வந்த கட்டில்

கம்ப்யூட்டர் விஷயம் என்றால் அந்தக் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை வைத்ததுதான் சட்டம். அவன் பார்ப்பதென்னவோ மருந்து மொத்தக்கடையில் பில் போடும் வேலை. ஆனாலும் யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவனுக்குத்தான் போன் வரும். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

கல்யாணமாகாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யும் மச்சினிச்சியும் அவனிடம்தான் கேட்டாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை அவளுக்கு.

"லேப்டாப் வாங்கலாம்னு பாக்கறேன் அத்தான். ஹெட்போன் மாட்டிக்கிட்டா அப்பா கூப்பிடறது கேக்க மாட்டேங்குது. லேப்டாப்னா அவர் ரூம்லயே பக்கத்துல உட்காந்துக்கலாம்."

மாமனார் படுத்த படுக்கை. அவர் அறையில் கட்டிலையும் ஒரு நாற்காலியையும் போட்டால் மேஜைக்கு இடமில்லை. இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னான் என்கிறீர்கள்?

"லேப்டாப்பா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்மா. சூடாகும், பேட்டரி உப்பிக்கும், ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு. டெஸ்க்டாப் வாங்கி ஹால்ல வை. நல்ல கிராபிக்ஸ் கார்டும் ஒண்ணு போட்டுடுவோம்."

"டைப் அடிக்கறதுக்கு அது எதுக்கு அத்தான்?"

"கண்ணுக்கு நல்லது," என்றான். கூசாமல் சொன்னான் பாருங்கள்!

அந்தக் கண் சமாச்சாரத்தைத் தவிர மற்றதில் பெரிய பொய் இல்லை. டெஸ்க்டாப் உழைக்கும், ரிப்பேரும் சுலபம். ஆனால் அவன் மனதில் ஓடிய கணக்கே வேறு. ஞாயிறு தவறாமல் மனைவி அப்பாவைப் பார்க்க வருவாள். அவனும் கூடவே வந்து கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தன் வீட்டில் கேம் என்று வாயெடுத்தாலே, "நீங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிடுவாள். மாமனார் வீட்டு ஹாலில் ஒரு மெஷின் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பெட்டி வந்தது. ஓரமெல்லாம் கலர் விளக்கு. ஞாயிறுதோறும் அவன் தலைகால் புரியாமல் அதில் கார் ஓட்டினான். "பாவம், வாரம் முழுக்க உழைக்கறார்," என்று மச்சினிச்சி தன் வேலையைத் தள்ளிவைத்து இடம் விட்டாள்.

நடுவில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. சில வாரங்கள் அவனால் வர முடியவில்லை; கடைசி வாரம் காய்ச்சலில் மனைவியும் வரவில்லை, போனில் தங்கையும் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் ஒரு ஞாயிறு காலை, மனைவி பழக்கடையில் நின்றுவிட, அவன் முன்னால் வந்து கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கட்டில் ஹாலில் கிடந்தது, கம்ப்யூட்டர் மேஜையை ஒட்டி. கயிறு கட்டி ஒரு பக்கத்துக்கு மட்டும் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டில் சட்டத்தில் மூத்திரப் பை மாட்டியிருந்தது. அதன்மேல் அந்தக் கலர் விளக்கு விழுந்து கொண்டிருந்தது. மாமனாரின் நெற்றியில் கன்றிப்போன காயம். நடமாடிய காலத்தில் பேப்பர் எடுக்க ஹாலுக்கு வருவதானாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்த மனிதர், வெற்று மார்போடு கிடந்தார்.

"வாங்க மாப்ளே." கை போர்வையைத் தேடியது. "அந்தப் பெட்டி நகராதாமே. அதான் நான் நகந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து கேஸ்காரர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹால் வழியாக உள்ளே போனார். மாமனார் சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். கேஸ்காரர் வெளியே போன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"நீங்க விளையாடுங்க மாப்ளே. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன்."

அவன் சமையலறைக்குள் ஓடினான் என்றுதான் சொல்ல வேண்டும். மச்சினிச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டுக் கத்தியிருக்கார் அத்தான். எனக்குக் கேக்கல. தானே எட்டி எடுக்கப் போய் விழுந்துட்டார். இனிமே தனியா விட முடியுமா? ஹால்ல போடாதேன்னு அழுதார். வேற வழியில்ல."

அவமானத்தில் அவனுக்குக் காதெல்லாம் எரிந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டில் இன்னொரு ஞாயிறு உட்கார அவனால் ஆகாது.

"எனக்காகத்தான்மா அதை வாங்க வச்சேன். இங்க வந்தா விளையாடலாம்னு. உனக்கு லேப்டாப்தான் சரின்னு அன்னிக்கே தெரியும்."

குழாயை மூடிவிட்டு அவள் திரும்பினாள். அவன் பதறிப்போய் மேலே பேசினான்.

"நாளைக்கே உனக்கு லேப்டாப் வாங்கித் தரேன். இந்தப் பெட்டிய நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஓஹோ. அப்ப கடைசியில அது உங்க வீட்டுக்குத்தான் போகுதா அத்தான்?"

அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? சொன்னால் அவள்தான் எதற்கு நம்ப வேண்டும்?

சமையலறைக்குக் கதவு கிடையாது. கட்டில் நாலடி தள்ளித்தான் இருந்தது. அங்கிருந்து மாமனாரின் குரல் வந்தது, எப்போதும்போல மரியாதையாக.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு டீ குடுத்தியா?"

"குடுக்கறேம்பா," என்று அவன் முகத்தைப் பார்க்காமலே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.