கொடுப்பவர் பெயர்

ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் கண்ணாடி சன்னலை, ஆபரேஷன் அறையில் கிடந்தவனின் மச்சான்காரன் நாற்காலியால் அடித்து நொறுக்கினான்.

"ஃபிரிட்ஜ் நிறைய ஓ குரூப் ரத்தம் வச்சிக்கிட்டு எங்க மாமா சாகட்டும்னு பாக்கறியா?"

"அவருது ஓ மாதிரி தெரியும், ஓ இல்ல. அது பாம்பே குரூப், பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் அந்த ரத்தம். இதை ஏத்தினா நானே கொன்ன மாதிரி," என்றாள் லேப் அக்கா.

ஓங்கி ஓர் அறை விட்டான். உதடு கிழிந்தது.

"அடிச்சாச்சில்ல? இப்பவாவது போன் பண்ண விடு."

உள்ளே கிடந்தவனுக்கு வயிற்றில் கத்திக்குத்து. சுவர்த் தகராறில் கூடப்பிறந்த தம்பியே குத்திவிட்டு ஓடிவிட்டான். வெளியூரிலிருந்து ரத்தம் வர ஒரு நாள் ஆகும். இவனுக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. உள்ளூர்ப் பதிவேட்டில் இருந்ததோ ஒரே ஓர் எண்.

அந்த எண்ணுக்குப் போன் போட்டு, எடுத்தவனிடம் அவசரமாக ரத்தம் வேண்டும் என்றாள். "யாருக்குங்க?"

"பேர் சொல்லக் கூடாதுங்க."

"வயித்துல குத்தா?"

பேசுகிறவன் குத்திவிட்டு ஓடிய தம்பியேதான் என்று அக்காவுக்குப் புரிந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே ரத்தம் அமைவது இந்த வகையில் சகஜம்தான், பாழாய்ப்போன புத்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"வர்றேன்," என்றான் அவன்.

"யாரு வர்றாங்க?" என்றான் மச்சான்காரன்.

"குடுக்கறவங்க பேரை நாங்க சொல்றதில்ல."

இருபது வருடப் பழக்கம் அது. பெயர் தெரிந்தால் கலாட்டா, தெரியாமல் இருப்பதே அவனுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டாள். பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லையே!

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டே படியேறினான் தம்பி. மச்சான்காரன் கண்ணில் பட்டதுதான் தாமதம், குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி மண்டையில் போட்டான். விழுந்தவனை மச்சான்காரனோடு வந்த நாலு பேர் மிதித்தார்கள். அவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை.

"அடிக்காதீங்கடா, ரத்தம் குடுக்க வந்தவரே அவர்தான்டா," என்று கத்தியபடி அக்கா ஓடிவந்தாள். அதற்குள் இரும்பு இன்னொரு முறை இறங்கிவிட்டது.

குனிந்து நாடி பார்த்தாள். இல்லை.

மச்சான்காரன் ஸ்டாண்டைக் கீழே போட்டான். "என்னோடதை எடுத்துக்கங்க," என்று கையை நீட்டினான்.

"உன்னோடது ஆகாது."

ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு குத்துப்பட்டவனின் மனைவி ஓடிவந்தாள். "டாக்டர் அவசரப்படுத்தறாரு. ரத்தம் குடுக்கறவங்க வந்துட்டாங்களா?"



"வந்துட்டாரும்மா," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.