நேந்துவிட்ட முடி

பழனியில பாப்பாவுக்கு மொட்டையப் போட்டுட்டு, அன்னைக்கே மலையேறி வந்து முடியோட போட்டோ எடுக்கணும்னு நிக்கிறவுகள என்னன்னு சொல்றது? எங்க கூக்கால் ஏரிக்கரையில அப்படி ஒரு புருசன் பொண்டாட்டி வந்து எறங்குனாக. கோயம்புத்தூராம். அந்தம்மா பேரு ஸ்வேதா. மாமியாரு நாள் குறிச்சுக் குடுத்துட்டதால மொட்டையத் தள்ளிப்போட முடியலையாம். போட்டோக்காரன்கிட்ட முன்னாடியே சொல்லிவச்சுட்டதால அதையும் விட முடியலையாம். மண்டையில தடவுன சந்தனத்த ஈரத்துணி போட்டுத் தொடச்சிருக்கா மகராசி. சாமி சந்தனம் படத்துல நல்லா இருக்காதாம்.

போட்டோக்காரன் கொடைக்கானல் மனோஜ்குமார். சின்னப்புள்ளைகள வெளியில வச்சுப் படம் எடுக்குறதுதான் அவன் சோலி. ஏரிக்கு மேல இருக்குற எங்க பூண்டுக்காட்டு வரப்புல கூடை, பலூன், மரக்குதிரைன்னு கடையப் பரப்பிட்டான். ஒரு வார்த்த கேக்கல. களையெடுத்துக்கிட்டிருந்த நான், "ஏலே, பூண்ட மிதிக்காதடா"ன்னு கத்துனதுக்கு, "அஞ்சு நிமிஷம் அக்கா, லைட் போயிரும்"கிறான். சூரியன் என்னமோ இவன் வீட்டு லைட்டு மாதிரி.

பாப்பா தலையில ஒரு டோப்பாவ மாட்டுனாய்ங்க. அது புடுங்கி எறிஞ்சுச்சு. மறுபடி மாட்டுனாய்ங்க. குளுருல கையில்லாத கவுனு வேற. ஒதடு நடுங்க வீல்வீல்னு அழுகுது. அப்பன்காரன் கிலுகிலுப்பைய ஆட்டிக்கிட்டுக் கொரங்காட்டம் குதிக்கிறான். "ஸ்மைல் பேபி, ஸ்மைல்"ங்கிறா இவ. அடி கூறுகெட்டவளே, ஒன்னய இந்தப் பனியில நிப்பாட்டி, மொட்டத்தலையில ஆட்டுமயிர ஒட்டிவிட்டா நீ சிரிப்பியா?

அப்பத்தான் மனோஜ்குமாரு கண்ணு எம்புள்ள சுந்தரி மேல விழுந்துச்சு. வரப்போரமா மண்ணள்ளி வெளாண்டுக்கிட்டிருந்தா. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் கத்திரி படாத முடி. முருகனுக்கு நேந்துவிட்டது. சுருட்ட சுருட்டையா தோள் வரைக்கும் கெடக்கும். வர்ற வெள்ளிக்கெழம பழனியில எறக்குறதா இருந்துச்சு.

"அக்கா, பாப்பாவ டூ மினிட்ஸ் குடுங்க. இந்த ஃப்ராக்கப் போட்டு பேக் சைடு மட்டும் எடுத்துக்கிறேன். ஃபேஸ் வராது."

வேற நாளா இருந்தா மம்பட்டியத் தூக்கியிருப்பேன். ஆனா எனக்கும் ஒரு ஆச கெடந்து அரிச்சுச்சு. அந்த முடியோட எம்புள்ளைக்கு ஒரு நல்ல படம் இல்ல. என் போன்ல கேமராக் கண்ணாடி வெடிச்சுக் கெடக்கு. எத எடுத்தாலும் மேகம் மூடுன மாதிரித்தான் வரும். மொட்ட போட்டா வேற முடி மொளைக்கும், பொறந்த முடி திரும்ப வருமா? "முன்னாடி பாக்குற மாதிரி எம்புள்ளைக்குன்னு ஒரு படம் எடுத்துத் தரணும். சரின்னா எடு"ன்னேன்.

"கண்டிப்பா அக்கா. வாட்ஸ்அப்ல அனுப்பிர்றேன்."

எடுத்தான். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் எடுத்தான். கேமராவுக்குப் பின்னாடி இருக்குற சின்னத் திரையில காமிச்சான். சுந்தரி பல்லக் காட்டி நேராப் பாத்துச் சிரிக்கிறா, காத்துல முடி ஒரு பக்கமாப் பறக்குது. கவுனக் கழட்டிக் குடுத்ததும் ஸ்வேதா அத விரல் நுனியில புடிச்சு ஒரு பையில போட்டுக் கட்டுனா. மண்ணாயிருச்சாம். இவுக திங்கிறது எல்லாம் மண்ணுல வெளையாம வானத்துலயா வெளையுது?

வெள்ளிக்கெழம முடி எறக்கிட்டோம். படம் வரல. கேட்டா, "எடிட்டிங்ல இருக்கு அக்கா"ங்கிறான். எம்புருசன் பழனிமுத்து, "பாவம், அவருக்கும் சோலி இருக்கும்ல"ங்கிறாரு. இவரு வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது.

அப்புறம் ஒருநா வெள்ளனே படம் வந்துச்சு. அவசர அவசரமாத் தொறந்தேன். எங்க வரப்பு, எங்க பூண்டு, எம்புள்ள முடி, எம்புள்ள காது, எம்புள்ள கை. மூஞ்சி மட்டும் அந்தக் கோயம்புத்தூருப் பாப்பா மூஞ்சி! எங்கயோ என்னைக்கோ சிரிச்ச மூஞ்சிய வெட்டிக்கொண்டாந்து ஒட்டியிருக்கான். கீழ, "சூப்பரா இருக்குல்ல அக்கா"ன்னு ஒரு கேள்வி வேற.

போனப் போட்டேன். "எம்புள்ள மூஞ்சி எங்கடா?"

"கஸ்டமர் ஆசப்பட்டாங்க அக்கா. உங்களுக்குன்னு எடுத்த படத்துலதான் ஹேர் நல்லா வந்திருந்துச்சு. ஒரிஜினல் மேலயே சேவ் ஆயி, பழசு போயிருச்சு. அடுத்த தடவ வர்றப்ப பாப்பாவ ஃப்ரீயா எடுத்துத் தர்றேன்."

"மொட்டையவாடா எடுப்ப? தூ, நீயெல்லாம் ஒரு மனுசன்!"

வச்சுட்டான். அந்த ஸ்வேதா இதப் பெருசாக்கி வீட்டுல மாட்டியிருப்பா. வர்றவ போறவ எல்லாம் "அம்மாடி, என்னா முடி"ன்னு வாயப் பொளப்பாளுக. இவளும் கூச்சநாச்சமில்லாம, "எங்க வம்சத்துக்கே அப்படித்தான்"னு இளிப்பா. சாமிக்குன்னு எண்ணெ தடவி வளத்தவ நானு. பவுசு அவளுக்கு.

"முடியாச்சும் நம்ம புள்ளயோடதுதான, அழிச்சுறாத"ன்னாரு பழனிமுத்து. பேசாம போயிருங்கன்னு அவரு மேலயும் விழுந்தேன். ஆனா அழிக்கல. அவரு தண்ணி பாச்சப் போனதும், ரெண்டு விரல வச்சு இழுத்து இழுத்துப் படத்தப் பெருசாக்குனேன். மூஞ்சி இருக்குற பக்கத்த எல்லாம் வெளிய தள்ளுனேன். முடியும் ஒரு காதும் நின்னுச்சு. அத மட்டும் வெட்டி வச்சிருக்கேன். யாருக்கும் காட்டுறதில்ல. காட்டுனா, மூஞ்சி எங்கன்னு கேப்பாக.