மூணேகால் வோல்ட்

தம்பி வந்து சேர்ந்தபோது அக்கா வீட்டின் கீழ்த்தளம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. தலையில் பிளாஸ்டிக் வாளியைத் தாங்கிக்கொண்டு வந்தான். அதற்குள் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரே ஒரு லித்தியம் செல்லும் கொஞ்சம் சாமான்களும் இருந்தன. செல் செங்கல் பருமன், நீல நிறம். ஒரு மின்ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்ததில் தேறியது இதுதான், கடையில் மற்றதெல்லாம் போச்சு என்றான். மாடிப்படியில் நின்ற அக்கா அவனுக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டுகூடக் கொடுக்கவில்லை.

"இது போதுமாடா?"

"போத வைக்கணும்க்கா."

உள்ளே கட்டிலில் அவள் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டியே காலம் கழித்தவர். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த நாளிலிருந்து பேச்சு கிடையாது. சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அந்தக் குழாயில் சளி சேரச் சேர உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். உறிஞ்சும் மிஷின் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தது, அதை ஓட்டக் கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் பெட்டி மாடியில் பத்திரமாக இருந்தது, அதற்கு உயிர் கொடுக்கிற பேட்டரியோ மாடிப்படிக்கு அடியில் மூழ்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ததற்குப் படகு கிடைத்ததும் வருகிறோம் என்றார்கள். அப்புறம் போனும் செத்துப்போனது.

அதுவரை அக்கா பெரிய சிரிஞ்சை வைத்து உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர்த்த சளி வந்தது. கெட்டிச்சளி இம்மியும் அசையவில்லை. அவருடைய மூச்சு ஒவ்வொன்றும் களகளவென்று கேட்டது.

தம்பி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இன்வெர்ட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் பிழைப்பு. செல் கொடுப்பது மூணேகால் வோல்ட், இன்வெர்ட்டர் கேட்பது பன்னிரண்டு. சின்ன வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற உள்ளங்கையளவு போர்டு ஒன்று வாளியில் இருந்தது. அதை இடையில் கோத்து, அதிலிருந்த குட்டித் திருகாணியைத் திருகினான். மீட்டரில் முள் நகர்ந்து பன்னிரண்டில் நின்றது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மிஷினைப் போட்டான். அது ஒரு விக்கல் விக்கியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

வயர் மெல்லிசு என்றான். சுவரில் வயர் ஓடும் குழாயிலிருந்து தடித்த வயரை உருவி, இரட்டையாக முறுக்கிப் போட்டான். மறுபடியும் ஒரு விக்கல், ஒரு கீச்சு. செல் முனைகளைச் சுரண்டி வெள்ளையாக்கி இறுக்கினான். போர்டில் தீய்ந்த வாடை வந்ததுதான் மிச்சம். மீட்டர் பன்னிரண்டு காட்டுகிறதே, அப்புறம் என்ன கேடு என்று அக்கா கேட்டாள்.

"சும்மா இருக்கறப்ப காட்டும்க்கா. வேலை குடுத்தா உக்காந்துடுது. வோல்ட்டை நாலு மடங்கு ஏத்தணும்னா செல்லுலேர்ந்து நாலு மடங்கு கரண்ட்டை உறிஞ்சணும். யானைப் பசிக்குச் சோளப்பொரி."

கட்டிலில் சிலேட்டு தட்டப்படும் சத்தம் கேட்டது. தன் கல்யாணத்துக்கு இவனே போட்ட மைக் செட்டு தாலி கட்டுறப்ப நின்னுச்சு என்று எழுதியிருந்தார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. அடியிலிருந்த கெட்டிச்சளி கிளம்பி வந்து குழாயை அடைத்துக்கொண்டது. சிலேட்டு நழுவியது. தோள்கள் ஏறி இறங்கின, காற்று மட்டும் போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது.

அக்கா சிரிஞ்சைப் பாய்ச்சி இழுத்தாள். கொஞ்சம் நுரைதான் வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். நூலளவு இடுக்கு விட்டது போலும், விசில் மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. தம்பி இன்வெர்ட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பெட்டியை விடுடா."

"அதை விட்டா பிளக்கை எங்கக்கா சொருகுறது?"

"பிளக்கா மூச்சு விடுது? இவரு விடணும். மிஷினுக்கு உள்ள என்ன இருக்கு?"

அவனுக்குத் தெரியாது. சாக்கெட் வரைக்கும் என் பொறுப்பு, அதில் நீங்கள் எதைச் சொருகினாலும் அது உங்கள் பாடு என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறவன். ஒருமுறை யாரோ கெஞ்சினார்கள் என்று ஒரு மிக்ஸியைத் திறந்துவிட்டு, அதன்பின் அந்த வீட்டில் நின்றுபோன கடிகாரத்துக்கும் பதில் சொல்லி நொந்துபோனவன். அன்றிலிருந்து அடுத்தவர் மிஷினில் திருப்புளி வைத்ததில்லை. இப்போதும் கை தயங்கியது.

"தெறந்து கெடுத்துட்டா, நாளைக்குக் கரண்ட் வந்தாலும் ஓடாதுக்கா."

"கரண்ட் வர்றப்ப இவரு இருக்கணும்ல."

மிஷினைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு போர்டு, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள், அவற்றின் முனையில் கைமுட்டி அளவு மோட்டார். மோட்டாரின் வயிற்றில் பன்னிரண்டு வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு உறைத்தது. பன்னிரண்டை இருநூற்று முப்பதாக ஏற்ற ஒரு பெட்டி, ஏற்றியதைத் திரும்பப் பன்னிரண்டாக இறக்க உள்ளே ஒரு போர்டு.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கேன்க்கா."

"மூக்கை அப்புறம் தொடு. வெட்டு."

இரண்டு வயர்களையும் பல்லாலேயே கடித்துச் சீவினான். செல்லிலிருந்து ஏற்றும் போர்டு, அதிலிருந்து நேரே மோட்டார். இன்வெர்ட்டரைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். முறுக்க நேரமில்லாமல் முனைகளை விரலால் அழுத்திப் பிடித்தான். மோட்டார் முனகியது, முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. மீட்டரில் முள் ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. ஒன்பதுதான் இருக்கிறது என்று அக்கா பதறினாள்.

"இருக்கட்டும். இன்வெர்ட்டர்னா பத்தரைக்குக் கீழ கதவைச் சாத்திக்கும். மோட்டாருக்கு அந்த ரோஷமெல்லாம் கெடையாது, போட்டதைத் தின்னுட்டு சுத்தும். நீ உள்ள விடு."

மிஷினின் மெல்லிய உறிஞ்சுகுழாயை அவர் தொண்டைக் குழாய்க்குள் இறக்கினாள். உறிஞ்சும் வேகம் பாதிகூட இல்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. அவர் கண் மேலே செருகியது. அவள் குழாயைச் சுழற்றினாள், கொஞ்சம் இழுத்தாள், மறுபடியும் சுழற்றினாள். மஞ்சளாக ஒரு நூல் ஏறி வந்தது. அது பாதி வழியில் நின்றது, நடுங்கியது, பிறகு பின்னாலிருந்த கட்டியையும் இழுத்துக்கொண்டு பாட்டிலில் பொத்தென்று விழுந்தது.

அவர் இழுத்த மூச்சு அந்த அறையில் இருந்த காற்றையெல்லாம் இழுத்ததுபோல் இருந்தது.

தம்பி கையை உதறினான். விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. போர்டில் கை வைக்க முடியவில்லை. விடாமல் ஓட்டினால் போர்டு வெந்துவிடும், விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றான். அக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் இறக்கும் துணியைக் கொண்டுவந்து அவன் விரல்களில் சுற்றினாள். அப்போதுதான் அவன் முகத்தையே சரியாகப் பார்த்தாள்.

"செல்லு எதுவரைக்கும் தாங்கும்?"

"தெரியலக்கா."

"படகு வர்ற வரைக்குமா?"

அவன் போர்டை ஊதி ஆற்றினான். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர், அதில் யார் வீட்டுக் கதவோ மிதந்து போனது. அவர் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே காற்று சீராகப் போய் வந்தது, போய் வந்தது. பிறகு உள்ளங்கைக்குக் கீழே அந்தக் களகளப்பு மெதுவாகத் தொடங்கியது.

அவள் உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்தாள்.

"வை" என்றாள்.

தம்பி முனைகளைச் சேர்த்துப் பிடித்தான்.